இறால் குட்டைக்கு ஷீட்: 500 மைக்ரானா, 750 மைக்ரானா?

எல்லாருக்கும் வணக்கம். திருப்பாலைக்குடி பக்கம் ஒரு ஏக்கர் வன்னாமி இறால் குட்டைக்கு எச்டிபிஇ (கெட்டியான பிளாஸ்டிக்) ஷீட் விரிக்கப் போகிறேன். மணல் தரை, தண்ணீர் நிற்பதே இல்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

போன தடவை மலிவாகக் கிடைத்ததே என்று 300 மைக்ரான் (0.3 மில்லிமீட்டர்) கனத்தில் போட்டேன். இரண்டாவது வருஷமே கரைமேல் வெயில் படும் பகுதி அப்பளம் மாதிரி நொறுங்கியது. அடியில் விரல்நகம் அளவு சிப்பி ஓடு ஒன்று குத்திக் கிழித்திருந்தது. இந்தத் தடவை தரையைச் சலித்து, உருளை ஓட்டிய பிறகுதான் விரிப்பேன். வெயிலைத் தாங்கக் கலக்கும் கார்பன் பிளாக் (கரித்தூள்) 2 சதவீதத்துக்குக் குறையாத கறுப்பு ஷீட்தான் வாங்குவேன். கனம்தான் குழப்பமாக இருக்கிறது.

பெரிய கவலை ஐப்பசி, கார்த்திகை மழை. நிலத்தடி நீர் மேலே வந்ததும், காலிக் குட்டையில் ஷீட் பூரி மாதிரி உப்பிவிடுகிறது. அந்தத் தண்ணீரை வடிக்க அடியில் துளைக் குழாய் பதித்தவர்கள் உண்டா? எத்தனை அடிக்கு ஒன்று வைத்தீர்கள்?

அப்புறம், ஒட்டுகிற ஆள். போன முறை வந்தவர் உச்சி வெயிலில் விறைப்பாக இழுத்து ஒட்டினார். ராத்திரி சுருங்கி மூலையில் தையல் (ஒட்டிய இணைப்பு) விட்டுப்போனது. 50 மீட்டர் ஷீட் 30 டிகிரி சூடு இறங்கினால் ஏறக்குறைய ஒரு அடி சுருங்கும். காலையிலேயே ஒட்டி, இரட்டைத் தையலுக்கு நடுவே காற்றடித்து, அழுத்தம் இறங்குகிறதா என்று என் கண்முன் காட்டுகிறவர் வேண்டும்.

தை பிறந்ததும் வேலை தொடங்க வேண்டும். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் யாராவது ஷீட் விரித்திருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன்.