ராஜாஜி சாலையில் அந்தச் சிவப்பு பேங்க் கட்டடம் யார் கட்டியது?

தக்கலைக்காரன்:
போன வாரம் ஹைகோர்ட்டில் ஒரு கேஸ் விஷயமாக மெட்ராஸ் போயிருந்தேன். வேலை முடிந்து பீச் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது பெரிய செங்கல் கட்டடம் ஒன்று, உச்சியில் கும்மட்டங்கள், கீழே வளைவு வளைவாக வராந்தா. கோர்ட்டில் சேர்ந்ததாக்கும் என்று நினைத்தால் போர்டில் ஸ்டேட் பேங்க்! ஒரு பேங்குக்கு எதற்கு மக்களே இவ்வளவு? திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியத்தை வடிவமைத்த சிஷோம்தான் இதையும் செய்தார் என்கிறான் கூட வந்தவன். சரிதானா?

வடசேரி வாத்தியார்:
இல்லை தம்பி. இது 1897-இல் பேங்க் ஆஃப் மெட்ராஸுக்காக எழும்பியது, ஹென்றி இர்வின் கைவண்ணம், காண்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டியார். ஹைகோர்ட்டும் இதே ஜோடிதான், அதனால் உங்கள் கண் ஏமாறியதில் தப்பில்லை. 1921-இல் அந்த பேங்க் இம்பீரியல் பேங்க் ஆகி, 1955-இல் ஸ்டேட் பேங்க் ஆனது. டெபாசிட் இன்ஷூரன்ஸ் எல்லாம் இல்லாத காலம், கட்டடம் கனமாக இருந்தால் பணமும் பத்திரம் என்று ஜனங்கள் நம்பினார்கள். அதே மெட்ராஸில் பெரிய பேர் வாங்கிய ஆர்பத்நாட் பேங்க் 1906-இல் திவாலானது வேறு கதை.

கொத்தனார் மகன்:
கும்மட்டத்தை விடுங்கள், செங்கல்லைப் பாருங்கள். பூச்சு கிடையாது. பூசுகிற சுவர் என்றால் கோணல்மாணல் எல்லாம் உள்ளே மறைந்துவிடும், இதில் ஒரு கல் அரை விரல் தள்ளியிருந்தாலும் ரோட்டில் போகிறவனுக்குத் தெரியும். நம்ம ஊரில் இப்படி விட்டால் இரண்டு பருவமழையிலும் நனைந்து சீக்கிரமே பாசி பிடித்துவிடும். அப்புறம், அந்தக் காலத்தில் சிமென்ட் அபூர்வம், பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்துதான். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சாந்து எப்படிப் பிடிக்கும் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன், பழைய சுவரை இடிக்கப் போனால் கல் உடையுமாம், சாந்து விடாதாம்.

குளச்சல் காற்று:
உங்கள் நண்பர் பக்கத்து ஜி.பி.ஓ.வோடு (பெரிய தபால் ஆபீஸ்) குழப்பிக்கொண்டார். அதுதான் சிஷோம் வேலை, 1884. அவர் நம்ம பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றி எழுதியே இருக்கிறார். ஜி.பி.ஓ. கோபுர உச்சியில் முன்பு திருவிதாங்கூர் பாணிக் கூரை இருந்தது, இப்போது இல்லை. மெட்ராஸ்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்! பேங்க் என்று பார்த்தால் நம்ம அரண்மனைக்குள் இருக்கிற உப்பரிகை மாளிகையும் ஒரு வகையில் பேங்க்தான். நாலு நிலை, அடியில் கஜானா, உச்சியில் பத்மநாபசாமிக்கு அறை. காவலுக்கு அதைவிடப் பெரிய ஆள் எங்கே கிடைக்கும்?

தக்கலைக்காரன்:
தக்கலையில் இருந்துகொண்டு அரண்மனைக்குள் கடைசியாகப் போனது ஆறாம் வகுப்பில். அடுத்த வாய்தா வரும் மாதம், டி.டி. எடுக்கிற சாக்கில் அந்த பேங்குக்குள்ளேயும் நுழைந்து பார்த்துவிட்டு வருகிறேன்.