புதுப்பிப்பு: பாட்டியின் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேனே, கிடைத்துவிட்டார்

போன மாதம் பாட்டியின் அப்பாவைப் பற்றி உதவி கேட்டிருந்தேன். வெறும் பெயரை மட்டும் போட்டதால் யாராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. ஒருவர் சொன்னபடி, தெரிந்த ஆண்டுகள், ஊர், நான் ஏற்கெனவே பார்த்து முடித்த பதிவேடுகள் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி எழுதினேன். இரண்டே நாளில் ஒரு பெண்மணி ஃபேமிலிசர்ச் என்ற, முன்னோர்களின் பதிவுகளைத் தேடும் இணையதளத்தில் (இலவசம்தான், கணக்கு தொடங்கினால் போதும்) திருமணப் பதிவைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். பெயரை வேறு எழுத்துக்கூட்டலில் எழுதியிருந்ததால் நான் தவறவிட்டிருக்கிறேன். கிறுக்கலான கையெழுத்தையும் அவரே பொறுமையாகப் படித்துச் சொன்னார்.

அந்தத் தளத்தில் உள்ள குடும்ப மரத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதனால் மூலப் பதிவின் படத்தோடு ஒப்பிட்டேன். மரத்தில் ஒரு ஆண்டு தவறாக இருந்தது.

பதிவைப் பார்த்து என் அம்மா அழுதுவிட்டார். உதவியவர்களுக்கு மனமார்ந்த நன்றி. அடுத்து பாட்டியின் அப்பாவுடைய தம்பியைத் தேடப்போகிறேன்.