தரம் 9 விஞ்ஞானத்தில் கூர்ப்பு: படைப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமா?

பொகவந்தலாவை அப்பா:
எல்லோருக்கும் வணக்கம். என் மகன் தரம் 9 படிக்கிறான். விஞ்ஞானப் பாடத்தில் இப்போது கூர்ப்பு, அதாவது பரிணாமம், நடக்கிறது. போன வாரம் வீட்டுக்கு வந்து, "அப்பா, சபையில சொல்றது சரியா, மிஸ் சொல்றது சரியா?" என்று கேட்டான். நாங்கள் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற குடும்பம். ஆண்டவர் மனிதனைத் தம் சாயலில் படைத்தார் என்பதை வைத்துத்தான் எங்கள் வீடே நடக்கிறது. கூர்ப்பை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. படைப்பு என்று இன்னொரு விளக்கமும் உண்டு என்பதை அதே பாடத்தில் ஒரு பத்து நிமிடம் சொன்னால் என்ன குறைந்துவிடும்? இரண்டையும் கேட்டுவிட்டுப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

ஹட்டன் விஞ்ஞான மிஸ்:
ஐயா, இந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். என் வகுப்பில் சைவப் பிள்ளைகள், கத்தோலிக்கப் பிள்ளைகள், உங்கள் மகனைப் போல் சபைக்குப் போகிறவர்கள், முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். சமயப் பாடத்துக்கு மணி அடித்ததும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பிரிந்துவிடுவார்கள். சைவப் பிள்ளைகள் வகுப்பிலேயே இருக்க, ஒரு கூட்டம் நூலகத்துக்கும் இன்னொரு கூட்டம் மண்டபத்து மூலைக்கும் போகும். அந்தப் பாடம் முடிந்தால்தான் மறுபடி ஒரே வாங்கில் வந்து உட்காருவார்கள். நீங்கள் கேட்கும் பத்து நிமிடத்தில் நான் யாருடைய படைப்பைச் சொல்வது? ஆதியாகமத்தைச் சொன்னால் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் சமயத்தை விஞ்ஞான ஆசிரியை ஒதுக்கியதாக ஆகும். எல்லாவற்றையும் சொன்னால் அது சமயங்களை ஒப்பிடும் பாடமாகிவிடும்.

அப்புறம், "பிள்ளையே முடிவு செய்யட்டும்" என்பது. நம் மலைகளில் தேயிலைக்கு முன் கோப்பி இருந்தது. 1869இல் இலையில் துரு மாதிரி ஒரு நோய் வந்து அந்தப் பயிரையே அழித்தது. ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். 1880இல் வந்த மார்ஷல் வோர்ட் என்ற தாவரவியலாளர் அந்த நோயைத் தரும் பங்கசின் (பூஞ்சையின்) வித்திகள் இலையில் விழுந்து, முளைத்து, உள்ளே போவதைப் படிப்படியாகப் பார்த்து எழுதினார். காரணம் அப்படித்தான் தெளிவானது. யார் எதை நம்ப விரும்பினார்கள் என்பதை வைத்து இல்லை. விஞ்ஞானப் பாடத்தில் நான் பிள்ளைகளுக்குப் பழக்க நினைப்பது அந்த முறையைத்தான்.

பதுளை சிவா:
இந்தச் சண்டை நமக்குத் தேவையே இல்லை. புல், பூடு, புழு, மரம், மிருகம், பறவை, மனிதன் என்று சிவபுராணத்திலேயே வரிசையாகச் சொல்லியிருக்கிறது. தசாவதாரம் மீனில் தொடங்குகிறது. டார்வின் 1859இல் எழுதியதை நம்மவர்கள் எப்போதோ பாடிவிட்டார்கள். அதைப் பாடத்தில் சேர்த்தால் பிள்ளைகளுக்குப் பெருமையாகவும் இருக்கும்.

பேராதனையில் படித்தவள்:
சிவா அண்ணன், நானும் காலைக் கூட்டத்தில் சிவபுராணம் பாடி வளர்ந்தவள்தான். அந்த வரியை முழுதாகப் பாருங்கள். பறவைக்குப் பிறகு பாம்பு, பாம்புக்குப் பிறகு கல், அதற்கப்புறம்தான் மனிதர், பேய், கணங்கள். அது ஓர் உயிர் பிறவி பிறவியாக எடுத்து இளைத்துப்போன வேதனை. கூர்ப்பு சொல்வது வேறு: ஓர் உயிரினக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குள் இருக்கும் வேறுபாடு, அதில் எது பிழைத்து அடுத்த தலைமுறையைப் பெறுகிறது, அது ஆயிரமாயிரம் தலைமுறையில் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பது. இரண்டையும் ஒன்றாக்கினால் மாணிக்கவாசகருக்கும் நியாயம் செய்ததாகாது.

பொகவந்தலாவை அண்ணன் கேட்பது அமெரிக்காவில் ஏற்கெனவே நடந்து முடிந்தது. 1925இல் டென்னசியில் கூர்ப்பைப் படிப்பித்ததற்காக ஜோன் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டொலர் தண்டம் விதித்தார்கள். மேல் நீதிமன்றம் பிறகு அதை நடைமுறைக் காரணத்தால் தள்ளியது. கூர்ப்பைச் சொன்னால் படைப்பையும் சொல்லியே ஆக வேண்டும் என்று லூசியானா மாநிலம் போட்ட சட்டத்தை 1987இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. உங்கள் பத்து நிமிடம் கிட்டத்தட்ட அதுதான். 2005இல் பென்சில்வேனியாவின் டோவர் ஊரில் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று பெயரை மாற்றிக் கொண்டுவந்ததையும், அது விஞ்ஞானம் இல்லை என்று நீதிபதி நிறுத்தினார்.

பொகவந்தலாவை அப்பா:
தங்கச்சி, அந்தத் தீர்ப்புகள் அவர்களுடைய அரசியலமைப்பை வைத்துச் சொன்னவை. அங்கே அரசு எந்தச் சமயத்தின் பக்கமும் நிற்கக் கூடாது. இங்கே 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது, சாதாரண தரத்தில் சமயம் கட்டாயப் பாடம். அமெரிக்க நீதிபதி சொன்னதை வைத்து என்னை மடக்க முடியாது.

இன்னொன்று. ஒரே பிள்ளை, ஒரே பரீட்சை. சமயத் தாளில் கடவுள் படைத்தார் என்று எழுத வேண்டும், விஞ்ஞானத் தாளில் வேறு எழுத வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளையிடம் எதை எங்கே நம்புவது என்று யார் சொல்வது? பிள்ளைகள் குழம்புவதை நான் வீட்டில் பார்க்கிறேன். சிறு மாற்றங்கள் வருவதை நானும் மறுக்கவில்லை. ஆனால் தேயிலை மாறினாலும் தேயிலைதானே?

டிக்கோயா வெளிக்கள உத்தியோகத்தர்:
தேயிலை என்றதால் வருகிறேன். பழைய விதைத் தேயிலை மலையில் நின்று பாருங்கள். பக்கத்துப் பக்கத்துச் செடிகளே இலை அளவிலும் நிறத்திலும் வேறு. ஒன்று கவ்வாத்துக்குப் பிறகு சீக்கிரம் துளிர்க்கும், ஒன்று சுணங்கும். மழைக் காலத்தில் கொப்புள நோய் வந்தால் ஒரு செடியின் கொழுந்தெல்லாம் வெள்ளைக் கொப்புளமாக இருக்கும், அடுத்தது அவ்வளவு பாதிக்காமல் நிற்கும். தலவாக்கலை ஆராய்ச்சி நிலையம் இப்படி நல்ல செடிகளைத் தெரிந்தெடுத்து, கிளை வெட்டி நட்டு உருவாக்கியதுதான் வீ.பீ. தேயிலை. வீ.பீ. நட்ட மலையில் எல்லாச் செடியும் ஒரே அச்சு. நோய் அதற்குப் பழகிவிட்டால் மலை முழுக்கப் போகும். தேயிலை இன்னொன்றாக மாறியதை நான் பார்த்ததில்லை, அதில் அப்பா சொல்வது சரி. ஆனால் வேறுபாடும் தெரிவும் என்று புத்தகத்தில் இருப்பதை நாங்கள் தினமும் கையால் தொடுகிறோம்.

பேராதனையில் படித்தவள்:
நன்றி ஐயா. தேயிலைக்கு இங்கே 150 வருடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகிறது, அதனால் "மாறவில்லையே" என்பதற்கு அது சாட்சியாகாது. நீண்ட காலம் எடுத்ததைப் பார்க்க நம் காட்டுக்குள் போகலாம்.

ஹோட்டன் சமவெளியிலும் ஹக்கலைப் பக்கமும் மூக்கில் கூரான கொம்பு வைத்த ஓணான் ஒன்று உண்டு. மகாவலிப் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நக்கிள்ஸ் மலையில் அதன் நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது. அதற்குக் கொம்புக்குப் பதிலாக மூக்கில் இலை மாதிரி சதை. இந்தப் பேரினம் இலங்கையைத் தவிர உலகில் எங்கும் இல்லை. புதர்த் தவளைகளையும் பாருங்கள். இலங்கையில் மட்டும் எழுபதுக்கு மேல் இனங்கள், சில ஒரே ஒரு மலைத்தொடரைத் தாண்டி எங்குமே கிடையாது. அவற்றுக்கு வாற்பேத்தைப் பருவமே இல்லை. ஈர மண்ணில் இடும் முட்டைக்குள்ளேயே குட்டித் தவளையாகி வெளியே வரும். குளமோ ஓடையோ தேவையில்லாத தவளை ஈரமான மலைக்காட்டில் எங்கும் பரவலாம், பிறகு காடு துண்டுபட்டால் துண்டுக்கொரு இனமாகப் பிரியலாம். பரம்பரையலகுகளை ஒப்பிட்டால் இவை ஒன்றுக்கொன்று உறவு என்பதும் தெரிகிறது.

பொகவந்தலாவை அப்பா:
அந்தந்த மலைக்கு ஏற்ற மாதிரி ஆண்டவரே படைத்தார் என்று நான் சொன்னால்?

பேராதனையில் படித்தவள்:
சொல்லலாம் அண்ணன். ஆனால் நாளைக்கு எதைக் கண்டுபிடித்தாலும் அதே பதில் பொருந்தும், எதிர்மாறாகக் கண்டுபிடித்தாலும் பொருந்தும். விஞ்ஞானத்தில் ஒரு விளக்கம் தோற்பதற்கும் வழி விட வேண்டும். மீனிலிருந்து கால் உள்ள விலங்கு வந்தது என்றால் சுமார் 37 கோடி வருடப் பழைய பாறையில் இடைப்பட்ட ஒன்று கிடைக்க வேண்டும் என்று கணித்து, கனடாவின் வட துருவப் பகுதியில் வருடக்கணக்காகத் தேடினார்கள். 2004இல் டிக்டாலிக் என்ற விலங்கின் உயிர்ச்சுவடு கிடைத்தது. செதிலும் துடுப்பும் உண்டு, துடுப்புக்குள் மணிக்கட்டு மாதிரி எலும்பும் உண்டு. கிடைக்காமலும் போயிருக்கலாம். அந்த அபாயத்தை ஏற்றுக்கொண்டுதான் தேடினார்கள்.

நுவரெலியா மறைக்கல்வி ஆசிரியர்:
கிறிஸ்தவர் என்றால் கூர்ப்பை எதிர்ப்பவர் என்று இங்கே வாசிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது. 1950இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அதை ஆராயத் தடையில்லை என்றார். 1996இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அது வெறும் கருதுகோளுக்கு மேலானது என்றே எழுதினார். பரம்பரை விதிகளைக் கண்டறிந்த மெண்டல் ஒரு துறவி. நான் மறைக்கல்வியில் ஆதியாகமம் படிப்பிக்கிறேன். யார் படைத்தார், எதற்காக என்பதற்கு அதில் பதில் தேடுகிறேன், எலும்பு எப்படி மாறியது என்பதற்கு இல்லை.

பொகவந்தலாவை அப்பா:
ஐயா, பாப்பரசர் சொல் எங்கள் சபையைக் கட்டுப்படுத்தாது. நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் படித்த காலத்தில் ஓர் ஆசிரியர் இந்தப் பாடத்தைத் தொடங்கும்போது, "மண்ணுல செஞ்சவனெல்லாம் எழும்பு" என்றார். சபைக்குப் போகிற நாங்கள் நாலைந்து பேர் எழும்பி நின்றோம். வகுப்பே சிரித்தது. பாடம் முடியும்வரை நிற்க வைத்தார். லயத்துப் பிள்ளை என்று ஏற்கெனவே தலை குனிந்துதான் அந்தப் பாடசாலைக்குப் போனோம். என் பிள்ளைக்கு அது நடக்கக் கூடாது.

ஹட்டன் விஞ்ஞான மிஸ்:
ஐயா, அவர் செய்தது அநியாயம். அது விஞ்ஞானமும் இல்லை. என் வகுப்பில் யாரையும் நம்பிக்கைக்காக எழுப்பி நிறுத்தியதில்லை, நிறுத்தவும் மாட்டேன். "குரங்கிலிருந்து வந்தாய்" என்றும் சொல்வதில்லை, ஏனென்றால் அதுவே பிழை. இன்றைய குரங்குக்கும் மனிதனுக்கும் வெகு காலத்துக்கு முன் பொது மூதாதை என்பதுதான் பாடம்.

பரீட்சையைப் பற்றி: என் தாள் கேட்பது விஞ்ஞானத்தின் விளக்கத்தையும் அதற்கான ஆதாரத்தையும். "நீ நம்புகிறாயா" என்று அதில் கேள்வி வராது. மகன் என்னிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும். கடவுளைப் பற்றிக் கேட்டால், "அது என் பாடம் இல்லை, அப்பாவிடமும் பாஸ்டரிடமும் கேள்" என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தைத் தர மாட்டேன். இந்தியாவின் மத்திய பாடநூல் நிறுவனம் (NCERT) 2023இல் தன் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து கூர்ப்பையே எடுத்தது. அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு மேல் வகுப்பில் உயிரியல் எடுக்காத பிள்ளை அதைப் பள்ளிக்கூடத்தில் கேட்க வழியில்லாமல் போனது. இங்கேயும் தரம் 9க்குப் பிறகு உயர்தர உயிரியலில்தான் கூர்ப்பு விரிவாக வருகிறது. நம் தோட்டப்புறத்தில் தமிழ் மொழியில் விஞ்ஞானப் பிரிவு இருக்கும் பாடசாலை எத்தனை? தரம் 9இல் விட்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது கடைசி. அதில் ஒரு நிமிடத்தையும் குறைக்க எனக்கு மனமில்லை.

பொகவந்தலாவை அப்பா:
நீங்கள் சொன்ன மரியாதை எனக்குப் போதும் மிஸ். ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதிபரிடம் கேட்பேன்.

ஹட்டன் விஞ்ஞான மிஸ்:
கட்டாயம் கேளுங்கள் ஐயா. அப்படியே ஆய்வுகூடத்துக்கு நுணுக்குக்காட்டியும் கேளுங்கள். என் பாடசாலையில் ஒன்றுதான் இருக்கிறது, அதிலும் வில்லை உடைந்திருக்கிறது. கொப்புள நோய் வந்த கொழுந்தைப் பிள்ளைகள் தோட்டத்திலிருந்து கொண்டு வருகிறார்கள். உள்ளே இருக்கும் பங்கசைக் காட்ட என்னால் முடியவில்லை.