பேக்ஸ்பேஸ் டெஸ்டை அணைச்சுட்டு "லோகேல் கோளாறு"ன்னு சொல்றது சரியா?

இன்செயின்_வாசுகி
தாம்வே_தம்பி போட்ட அறிவிப்பைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியலை. அவர் எழுதினது இதுதான்: "ஜிடிகே4 எடிட்டரோட டெபியன் பேக்கேஜ் ரெடி. டெஸ்ட் எல்லாம் பாஸ். லிண்டியன் சுத்தம். எஸ்பில்டில் மட்டும் பேக்ஸ்பேஸ் டெஸ்ட் விழுது, அது லோகேல் கோளாறு. அந்த ஒண்ணை மட்டும் அணைச்சுட்டேன். தமிழ் வகுப்பு மெஷின்கள்ல ஏத்திக்கலாம்."

புதுசா வர்றவங்களுக்கு: டெபியன் ஒரு லினக்ஸ், ஜிடிகே (GTK) ஜன்னல் நிரல் எழுதுற நூலகம், லிண்டியன் பேக்கேஜைச் சோதிக்கிற கருவி, எஸ்பில்ட் தனி அடைப்புக்குள்ள (சிஎச்ரூட்) பேக்கேஜ் கட்டுற கருவி, லோகேல்னா மொழி, எழுத்து அமைப்பு. இதுல லோகேலுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அவரே ஒட்டின லாகைப் படிங்க. அசர்ஷன் (டெஸ்ட் சரிபார்க்கிற வரி) விழுந்த இடத்துல இடப்பக்கம் 340 256 225 340 257 206, வலப்பக்கம் 340 256 225. இது பைட்டுகளோட எட்டடிமான (ஆக்டல்) எண். முதல் மூணு பைட் 'க'. அடுத்த மூணு பைட் எ-காரக் குறி. அதாவது 'கொ'வுல ஒரு பேக்ஸ்பேஸ் அடிச்சா 'கெ' நிக்குது, டெஸ்ட் 'க'வை எதிர்பார்க்குது. எடிட்டர் செய்யறதை டெஸ்ட் சரியாத்தான் பிடிச்சிருக்கு. அதைத்தான் நீங்க அணைச்சிருக்கீங்க.

தாம்வே_தம்பி
அக்கா, சிஎச்ரூட்டுக்குள்ள எல்சி_ஆல் (லோகேலை வைக்கிற மாறி) எதுவும் வைக்கலைன்னா லோகேல் போசிக்ஸ், அதாவது வெறும் ஆஸ்கி. தமிழ் எழுத்து வர வேண்டிய இடத்துல பின்சாய்வும் எண்ணுமா வருதே, அதுவே லோகேல் உடைஞ்சதுக்கு சாட்சி. என் லேப்டாப்பில் அதே டெஸ்ட் பாஸ். வித்தியாசம் லோகேல் மட்டும்தான்.

இன்செயின்_வாசுகி
பின்சாய்வும் எண்ணும் லோகேலால வரலை. ஜிலிப்பில் (ஜிடிகேயோட அடிப்படை நூலகம்) இரண்டு சரத்தை ஒப்பிடுற அசர்ஷன் விழுந்தா, செய்தியை அச்சடிக்கிறதுக்கு முன்னாடி ஜி_எஸ்டிஆர்எஸ்கேப் வழியா அனுப்பும். அது ஆஸ்கிக்கு வெளியே இருக்கிற ஒவ்வொரு பைட்டையும் எட்டடிமானமா மாத்திடும். எந்த லோகேல் வச்சாலும் அப்படித்தான் வரும். லோகேல் கோளாறுன்னா கேள்விக்குறி வந்திருக்கும், 340 வந்திருக்காது.

எடிட்டர் பேக்ஸ்பேஸுக்குக் கூப்பிடுறது ஜிடிகேயோட டெக்ஸ்ட் பஃபர் பேக்ஸ்பேஸ் ஃபங்ஷன். லத்தீன், சிரிலிக், கிரேக்கம், ஜப்பானியக் கானா, ஹங்குல், இமோஜி தவிர்த்த எழுத்துகளுக்கு பாங்கோ (ஜிடிகேக்கு எழுத்து அமைச்சுத் தர்ற நூலகம்) "பேக்ஸ்பேஸ் ஒரு கேரக்டரை மட்டும் அழிக்கணும்"னு குறி போட்டு வைக்கும். தமிழ் அந்தப் பட்டியல்ல விலக்கு இல்லை, அதனால குறி விழும். ஜிடிகே அந்தக் குறியைப் பார்த்ததும் முழு எழுத்தையும் என்எஃப்டியா (யூனிகோடோட பிரிச்ச வடிவம்) உடைச்சு, கடைசித் துண்டை விட்டுட்டு மிச்சத்தைத் திரும்ப நுழைக்கும். ஒ-காரக் குறி என்எஃப்டியில் எ-காரம், ஆ-கால் ரெண்டா உடையும். கால் போச்சு, 'கெ' நின்னுச்சு. இந்தப் பாதையில லோகேலைத் தொடுற ஒரு வரி கூட இல்லை.

சந்தேகம்னா எல்சி_ஆல்=சி.யுடிஎஃப்-8 வச்சு எஸ்பில்டை ஓட்டுங்க. சி.யுடிஎஃப்-8 லிப்சி-பின் பேக்கேஜோடயே வருது, லோகேல்ஸ் பேக்கேஜ் கூட வேண்டாம். அதே ஆறு எண் வரும்.

தாம்வே_தம்பி
அப்ப லேப்டாப்பில் ஏன் பாஸ் ஆச்சு? அதுக்குப் பதில் சொல்லுங்க முதல்ல.

இன்செயின்_வாசுகி
பாஸ் ஆகலை. ஓடவே இல்லை. நீங்க ஒட்டின மேசன் (பில்டையும் டெஸ்டையும் ஓட்டுற கருவி) லாகின் கடைசியில 'ஸ்கிப்ட்: 1'னு இருக்கு. அந்த டெஸ்ட் ஜிடிகே_இனிட்_செக் (டிஸ்பிளே கிடைக்குதான்னு பார்க்கிறது) தோத்தா 77 திருப்பிட்டு வெளியே வந்துடும். மேசனுக்கு 77னா தாண்டிட்டேன்னு கணக்கு, தோல்வி இல்லை. டிஸ்பிளே இல்லாத எஸ்எஸ்எச் ஷெல்லில் மேசன் டெஸ்ட் அடிச்சா இதுதான் நடக்கும். எஸ்பில்டில் எக்ஸ்விஎஃப்பி-ரன் (போலி டிஸ்பிளே தர்றது) இருந்ததால டிஸ்பிளே கிடைச்சு, டெஸ்ட் நிஜமா ஓடி, நிஜமா விழுந்துச்சு.

இன்னொண்ணு. "அந்த ஒண்ணை மட்டும் அணைச்சேன்"னு எழுதியிருக்கீங்க. பேக்கேஜ் கட்டுற ரூல்ஸ் கோப்பில் ஓவர்ரைடு_டிஎச்_ஆட்டோ_டெஸ்ட்னு போட்டு கீழே காலியா விட்டிருக்கீங்க. அது ஒரு டெஸ்டை அணைக்காது, மொத்த டெஸ்டையும் அணைக்கும். கோப்பு சேமிக்கிறது, என்கோடிங் கண்டுபிடிக்கிறது, அன்டூ, எதுவும் இனி ஓடாது. அப்புறம் எப்படி "டெஸ்ட் எல்லாம் பாஸ்"?

பெகு_நிரலன்
அக்கா சொல்ற ஓவர்ரைடு விஷயம் சரி. ஆனா பேக்ஸ்பேஸ் பத்தி நான் ஒத்துக்க மாட்டேன். 'கெ' நிக்கிறது ஏன் தப்பு? பழைய தட்டச்சு லேஅவுட்ல ஒத்தைக் கொம்பு, க, கால்னு மூணு விசை. கடைசியா அடிச்சது கால். அது போனா 'கெ'தான் நிக்கணும். டெஸ்ட் எழுதினவர்தான் தப்பா எதிர்பார்த்திருக்கார்.

இன்செயின்_வாசுகி
இப்ப யார் தட்டச்சு லேஅவுட்ல அடிக்கிறா? ஐபஸ்-எம்17என் உள்ளீட்டு முறையில வகுப்புப் பிள்ளைங்க எடுக்கிறது தமிழ்99. 'க', 'ஒ', ரெண்டே விசை. 'ஒ' விசையை அழிச்சா 'க' வரணும். பிள்ளை அடிக்காத எழுத்து திரையில வந்தா, அது எங்கேருந்து வந்துச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

பெகு_நிரலன்
இங்கே பெரியவங்க பாதிப் பேர் தட்டச்சுப் பழக்கம்தான். நீங்க வகுப்புப் பிள்ளைங்களை மட்டும் பார்க்குறீங்க. அதோட பர்மிய எழுத்தைப் பாருங்க. அதுலயும் இதே மாதிரி முன்னாடி ஒரு குறி, பின்னாடி ஒரு கால். பின்கால் மட்டும்தான் அழியும், முன்குறி நிக்கும். எந்த பர்மியரும் குறை சொன்னதில்லை.

இன்செயின்_வாசுகி
பர்மியத்துல அந்த ரெண்டும் ரெண்டு குறியீட்டுப் புள்ளி, ரெண்டு விசை. சேர்த்து ஒரே புள்ளின்னு யூனிகோடில் கிடையவே கிடையாது. தமிழ்ல ஒ-காரக் குறி ஒரே புள்ளியா இருக்கு. 'கொ' அந்த வடிவத்துல 6 பைட், உடைஞ்ச வடிவத்துல 9 பைட். கோப்பில் 6 பைட்டா இருந்ததை பேக்ஸ்பேஸ் நேரத்துல 9 பைட்டா உடைச்சுட்டு மூணைத் தூக்கி எறியறாங்க. பர்மியத்துல உடைக்கிற வேலையே இல்லை. ரெண்டையும் ஒண்ணா வைக்காதீங்க.

மோல்மீன்காரன்
பர்மிய எழுத்துன்னு பேச்சு வந்துடுச்சு, அதனால சொல்றேன். இந்த எடிட்டரில் ஜாவ்ஜி (பழைய பர்மிய ஃபான்ட்) கோப்பு திறந்தா குப்பையா வருது. அதைச் சரி பண்ணாம பேக்ஸ்பேஸுக்கு சண்டை போடுறீங்க. எங்க பக்கம் பழைய கோப்பு அத்தனையும் ஜாவ்ஜி.

பெகு_நிரலன்
அண்ணே, 2019 அக்டோபர் 1-லயே மியான்மர் அதிகாரபூர்வமா யூனிகோடுக்கு மாறிடுச்சு. ஜாவ்ஜி யூனிகோடோட அதே எண்களைத் திருடி வேற எழுத்துக்கு வச்ச ஃபான்ட். முன்குறியை மெய்க்கு முன்னாடியே சேமிக்கும். எடிட்டருக்கு அது ஜாவ்ஜியா யூனிகோடான்னு கோப்பைப் பார்த்து உறுதியா சொல்ல வழி கிடையாது, ஊகம்தான். கோப்பை வெளியே மாத்திட்டுத் திறங்க. பேக்கேஜில் பர்மிய யூனிகோடு ஃபான்டான ஃபான்ட்ஸ்-எஸ்ஐஎல்-படௌக்கைப் பரிந்துரையா சேர்த்தா போதும்.

மோல்மீன்காரன்
ஊகம்னு சொல்லித் தட்டிக் கழிக்காதே தம்பி. மாத்துறதுக்கு எல்லார்கிட்டயும் கருவி இருக்கா? யாங்கோன்ல உக்காந்துட்டு எழுதுறவங்களுக்கு எல்லாம் சுலபம். போன தடவை உள்ளீட்டு முறை பத்தி நான் சொன்னப்பவும் இப்படித்தான் பேசினே.

பெகு_நிரலன்
நான் யாங்கோன் இல்லை, பெகு. பேர்லயே இருக்கு.

தாம்வே_தம்பி
அக்கா, நீங்க சொல்றதெல்லாம் அப்ஸ்ட்ரீம் வேலை, அதாவது மூல நிரலை எழுதுறவங்க வேலை. நான் பேக்கேஜ் போடுறவன். பில்ட் சர்வர்ல விழுற டெஸ்டை வச்சுக்கிட்டு பேக்கேஜ் வெளியிட முடியாது. லோகேலைச் சரி பண்ணினா அது தானா பாஸ் ஆகும்னுதான் இன்னமும் நம்புறேன்.

இன்செயின்_வாசுகி
நம்புறதுக்கு என்ன இருக்கு, ஓட்டிப் பாருங்கன்னு சொல்லியாச்சு. ஓட்டினீங்களா? சி.யுடிஎஃப்-8ல என்ன வந்துச்சுன்னு லாக் ஒட்டுங்க.

விழுற டெஸ்டை வச்சுக்கிட்டே பேக்கேஜ் போட ஒழுங்கான வழி இருக்கு. அந்த பேக்ஸ்பேஸ் கேஸ் தனி பைனரியா இருந்தா மேசன்.பில்ட்ல அதுக்கு மட்டும் ஷுட்_ஃபெயில்: ட்ரூ (இது விழும்னு எதிர்பார்க்கச் சொல்றது). தனி பைனரி இல்லைன்னா அந்த கேஸுக்குள்ள ஜி_டெஸ்ட்_இன்கம்ப்ளீட் (இன்னும் முடியலைன்னு குறிக்கிறது). அதை டெபியன்/பேட்சஸ்ல ஒரு குவில்ட் பேட்சா வைங்க, தலையில டெப்-3 விவரம் எழுதுங்க: எதுக்கு, அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பியாச்சா இல்லையா. ஷுட்_ஃபெயில் வச்சா, நாளைக்கு ஜிடிகேயில் இதைத் திருத்தினவுடனே மேசன் 'எதிர்பாராத பாஸ்'னு கத்தி பில்டை நிறுத்தும், பேட்சை எடுத்துடலாம். காலி ஓவர்ரைடு என்னைக்கும் கத்தாது.

ரூல்ஸ்ல எழுத வேண்டியது: ஓவர்ரைடுக்குக் கீழே எக்ஸ்விஎஃப்பி-ரன் -ஏ டிஎச்_ஆட்டோ_டெஸ்ட். முன்னாடி GDK_BACKEND=x11, அதாவது GTK இல்லை, GTK நூலகத்துக்குக் கீழே இருக்கிற GDK விண்டோ அடுக்கோட மாறி, பேரைச் சரியாப் பார்த்து எழுதுங்க. ஜிஎஸ்கே_ரெண்டரர்=கைரோ, இல்லைன்னா ஜிஎல் தேடிப் போய் சிஎச்ரூட்டில் மாட்டிக்கும். ஜிசெட்டிங்ஸ்_பேக்எண்ட்=மெமரி. ஸ்கீமா (எடிட்டரோட அமைப்புகளை விவரிக்கிற கோப்பு) இன்னும் நிறுவப்படாத நேரத்துல டெஸ்ட் ஓடுது, அதனால ஜிசெட்டிங்ஸ்_ஸ்கீமா_டிர் பில்ட் அடைவைக் காட்டணும். காட்டலைன்னா ஸ்கீமா இல்லைன்னு ப்ராசஸையே கொன்னுடும். பில்ட்-டிபெண்ட்ஸ்ல எக்ஸ்விஎஃப்பியோட எக்ஸ்ஆத்தும் வேணும், ரெண்டுக்கும் நோசெக் (டெஸ்ட் இல்லாம கட்டுற) ப்ரொஃபைல் விலக்கு போடுங்க. எஸ்பில்ட் பரிந்துரைகளை நிறுவாது, எக்ஸ்ஆத் இல்லைன்னா எக்ஸ்விஎஃப்பி-ரன் அந்த இடத்துலயே நின்னுடும். ஹோம் அடைவு பத்திக் கவலை வேண்டாம், டெப்ஹெல்பர் கம்பாட் 13 எழுதக்கூடிய ஒரு தற்காலிக அடைவைத் தானே வச்சுடும்.

ரங்கூன்_பழைய_பெட்டி
அக்கா சொன்னதெல்லாம் படிச்சேன். 32 பிட் பேக்கேஜ் எங்கே? ஐ386 மெஷின் இன்னும் நிறைய இருக்கு.

தாம்வே_தம்பி
டெபியன் 13 2025 ஆகஸ்ட்ல வந்தப்பவே ஐ386-க்கு இன்ஸ்டாலர் கிடையாது. நான் அதுக்குக் கட்டப் போறதில்லை.

ரங்கூன்_பழைய_பெட்டி
அப்ப 12-ல கட்டுங்க. 13 மட்டும்தான் டெபியனா?

இன்செயின்_வாசுகி
32 பிட்டை அப்புறம் பேசலாம். தம்பி, லாக் எங்கே?

தாம்வே_தம்பி
ஓட்ட நேரம் இல்லை, கரண்டும் இல்லை. ஆனா எக்ஸ்விஎஃப்பி எல்லாம் ஏற்கெனவே இருக்கு, லிண்டியன் ஒரு எச்சரிக்கை கூடக் காட்டலை. லிண்டியன் சுத்தம்னா பேக்கேஜ் நல்லாத்தான் இருக்கு.

இன்செயின்_வாசுகி
லிண்டியன் கோப்பு அமைப்பு, அனுமதி, காப்பிரைட், டெஸ்க்டாப் கோப்பு இதெல்லாம் பார்க்கும். எடிட்டரைத் திறந்து 'கொ' அடிச்சுப் பார்க்காது. அதுக்குத்தான் ஆட்டோபிகேஜிடெஸ்ட். டெபியன்/டெஸ்ட்ஸ்/கன்ட்ரோல்ல டிபெண்ட்ஸ் வரியில @ (கட்டின பேக்கேஜைக் குறிக்கிறது) போட்டு, எக்ஸ்விஎஃப்பி, எக்ஸ்ஆத் சேர்த்து, நிறுவின பேக்கேஜையே ஓட்டுங்க. ஸ்டாண்டர்ட் எரரில் ஒரு வரி வந்தாலும் அது தோல்வின்னு சொல்லும், ஜிடிகே எச்சரிக்கை கண்டிப்பா வரும். அதனால அலவ்-எஸ்டிடிஇஆர்ஆர் கட்டுப்பாடு போடுங்க.

பெகு_நிரலன்
அக்கா, எல்லாத்துக்கும் விளக்கம் சொல்றீங்க. 'கெ' ஏன் தப்புன்னு கேட்டதுக்கு மட்டும் தமிழ்99ன்னு ஒரே பதில். தட்டச்சுக்காரங்களுக்கு அதுதான் சரி. டெஸ்டைத்தான் மாத்தணும்.

இன்செயின்_வாசுகி
தட்டச்சுக்காரர் கொம்பு, க, கால்னு அடிச்சாலும் உள்ளீட்டு முறை சேர்த்து ஒரே புள்ளியா எடிட்டருக்கு அனுப்பினா, எடிட்டருக்கு வந்தது ஒண்ணுதான். வந்ததை அழிக்கணும். 340 257 206 யாரும் அனுப்பலை.

பெகு_நிரலன்
அனுப்புறதும் அனுப்பாததும் உள்ளீட்டு முறையைப் பொறுத்தது. உடைச்சே அனுப்புற முறையும் இருக்கு. அதை மறைக்காதீங்க.

ரங்கூன்_பழைய_பெட்டி
போஸ்டின்ஸ்ட் (நிறுவினதும் ஓடுற ஸ்கிரிப்ட்) கோப்பைப் பார்த்தேன். இந்த எடிட்டரை /யுஎஸ்ஆர்/பின்/எடிட்டருக்கு ஆல்டர்நேட்டிவா 50 முன்னுரிமையோட பதிஞ்சிருக்கார். டெர்மினல் எடிட்டர் நானோவுக்கு 40. ஆட்டோ முறையில இனி கிட் கமிட் அடிச்சா ஜன்னல் எடிட்டர்தான் திறக்கும். ஜிஅப்ளிகேஷன் ஏற்கெனவே ஒரு ஜன்னல் திறந்திருந்தா வேலையை அதுக்குத் தள்ளிட்டு உடனே திரும்பிடும். கிட் செய்தி காலின்னு கமிட்டை ரத்து பண்ணும். நேர அட்டவணை திருத்துற கிரான்டேப் -இ மாற்றம் இல்லைன்னு போயிடும். இதை யாரும் பார்க்கலையா?

தாம்வே_தம்பி
அது வசதிக்காக வச்சது. பிடிக்கலைன்னா அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --கன்ஃபிக் எடிட்டர் அடிச்சு நானோவுக்கு மாத்திக்குங்க.

ரங்கூன்_பழைய_பெட்டி
ஒவ்வொரு மெஷின்லயும் நான் போய் மாத்தணுமா? டிஸ்பிளே இல்லாத சர்வர்ல விசூடோ (சூடோ அனுமதிக் கோப்பைத் திருத்துற கட்டளை) திறக்குமா? அந்த வரியை எடுங்க.

மோல்மீன்காரன்
எடுக்க மாட்டார். ஜாவ்ஜியும் சேர்க்க மாட்டார்.

தாம்வே_தம்பி
50 அப்படியே இருக்கும். டெஸ்ட் விழுந்தது லோகேல்தான்.

இன்செயின்_வாசுகி
சி.யுடிஎஃப்-8 லாக் வரட்டும், அப்புறம் சொல்லுங்க. 50-ஐப் பத்தி நானும் தனியா எழுதுறேன், அது இதை விட மோசம்.