கியர் ஸ்டிக்கை ரம்பத்தால் அறுத்துவிட்டு ஷார்ட் ஷிஃப்டர் என்று சொல்பவர்களுக்கு

ஈகே கருப்பு
நேற்று நம் சுங்கை சிப்புட் காடிக்காரர்கள் வாட்சப் குழுவில் ஒரு மேதாவி போட்ட செய்தி இது: "கியர் போடக் கை நகரும் தூரத்தைக் குறைக்கும் ஷார்ட் ஷிஃப்டருக்குக் காசைக் கொட்டாதீர்கள். ஸ்டிக்கை மேலே ஒன்றரை இன்ச் அறுத்து, மரை போட்டு, நுனியில் கை பிடிக்கும் நாபை மாட்டினால் போதும். இரண்டும் ஒன்றுதான்." அதற்கு வரிசையாகக் கட்டைவிரல் வேறு. நான் என் ஹோண்டா சிவிக் ஈகே காருக்கு முறையாக ஒரு செட் வாங்கி, காடிக்கு அடியில் படுத்து மாட்டியவன். இரண்டும் ஒன்று என்றால் நான் என்ன முட்டாளா?

லிந்தாங் வீரா
கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அந்த மேதாவி நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாமே, பயமா? என் புரோட்டான் வீராவில் அறுத்த பிறகு கை நகரும் தூரம் குறைந்தது. செலவு ரம்ப பிளேடும், மரை போட்ட கடைக்காரருக்கு ஒரு தே தாரேக்கும். தூரம் குறைந்ததா இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்.

ஈகே கருப்பு
கோணம் குறைந்ததா? அதற்கு நீ பதில் சொல்.

லிந்தாங் வீரா
தூரம் குறைந்ததா?

பழைய பொமேன்
தம்பிகளா, நான் தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் கியர்பாக்ஸ் பிரித்துக்கொண்டிருந்த காலத்தில் உங்கள் அப்பாக்களிடம் சைக்கிள்கூடக் கிடையாது. பொறுமையாகப் படியுங்கள்.

கியர் ஸ்டிக் ஓர் உருண்டை மேல் உட்கார்ந்து ஆடுகிறது. உருண்டைக்கு மேலே 300 மில்லிமீட்டர், கீழே 50 என்று வைத்துக்கொள்வோம். கியர் விழுவதற்குக் கீழ் நுனி 10 மில்லிமீட்டர் நகர வேண்டும் என்றால், மேலே நாப் 60 நகரும். கடையில் விற்கும் நல்ல செட்டில் கீழ்ப்பகுதியை நீட்டியிருப்பான். 50 என்பது 75 ஆகிறது. கீழ் நுனிக்கு அதே 10 போதும், ஆனால் நாப் 40தான் நகரும். ஸ்டிக் சாயும் கோணமும் சுமார் 11 டிகிரியிலிருந்து ஏழரைக்கு இறங்கும். அதுதான் ஷார்ட் ஷிஃப்டர். மேலே அறுத்தால் கோணம் அசையாது. அதே 11 டிகிரிதான் சாயும். கோணம் மாறாதவரை அது ஷார்ட் ஷிஃப்டர் இல்லை, குட்டை ஸ்டிக். முடிந்தது.

லிந்தாங் வீரா
அண்ணே, உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். மேலே 300இல் 100 அறுத்தால் 200. கீழே 50. நாப் எவ்வளவு நகரும்? 40. நீங்கள் சொன்ன கடைச் செட்டிலும் 40. இரண்டும் ஒன்று என்று நீங்களே நிரூபித்துவிட்டீர்கள், நன்றி.

பழைய பொமேன்
நீ அறுத்தது 100 மில்லிமீட்டரா? ஒன்றரை இன்ச் என்றால் 38. அப்படிப் பார்த்தால் 60 என்பது 52 ஆகும். இதற்கா ஊரைக் கூட்டினாய்? 100 அறுத்தால் நாப் உன் முழங்காலுக்குக் கீழே போய்விடும், குனிந்துதான் கியர் போட வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், கோணம்.

லிந்தாங் வீரா
60 பெரிதா 52 பெரிதா?

டீசல் மாமா
ஒரு சந்தேகம். இந்த ஊரில் யார் எங்கே ரேஸ் ஓட்டுகிறார்கள்? சந்தையிலிருந்து சாலாக் போவதற்குள் மூன்றாவது கியரையே பார்ப்பதில்லை. பால்வெட்டிய காலத்திலும் செம்பனைக்கு மாறிய பிறகும் அதே ரோடு, அதே லாரிதான் முன்னால்.

ஈகே கருப்பு
டீசல் மாமா, கோலாகங்சார் வழியாக நெடுஞ்சாலையில் ஈப்போ போகிறவனைக் கேளுங்கள். மெனோரா குகை ஏற்றத்தில் முன்னால் லாரி மூச்சு வாங்கும்போது ஐந்திலிருந்து நான்குக்கு இறக்க எவ்வளவு சுகம் என்று அவன் சொல்வான். அறுத்த ஸ்டிக்கில் அந்த சுகம் வராது. கோணம் குறைய வேண்டும்.

மைவி மங்கை
ஒரு கேள்வி, கோபப்படாதீர்கள். என்னுடையது பெரோடுவா மைவி மேனுவல், ஸ்டிக்கிலிருந்து கியர்பாக்ஸுக்குக் கேபிள் போகிறது. ஈகேயில் கேபிளுக்குப் பதில் ராட் என்கிறார்கள். கேபிள் காடிக்கு எதை வாங்க வேண்டும்?

பழைய பொமேன்
நல்ல கேள்வி, இந்தப் பையன்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. கேபிள் காடியில் உள்ளே இருக்கும் ஸ்டிக்கை மாற்றலாம், அல்லது கியர்பாக்ஸ் மேல் கேபிள் வந்து மாட்டும் கையை மாற்றலாம். வாங்குமுன் ஒன்று கவனி: சில செட் முன்னும் பின்னும் போகிற தூரத்தை மட்டும் குறைக்கும், பக்கவாட்டில் பழைய தூரமே இருக்கும். கை குழம்பும். மாட்டிய பிறகு கேபிள் நீளத்தைச் சரிசெய்யாமல் ஓட்டாதே, இரண்டாவது பாதிதான் விழும்.

முதலில் ஸ்டிக்கைத் தாங்கும் உன் ரப்பர் புஷ்களைப் பார், அம்மா. செம்மண் ரோட்டில் சேறும் தூசியும் தின்ற புஷ்ஷோடு ஓடுகிற காடிக்கு எந்த ஷிஃப்டர் போட்டாலும் பருப்புக் கடைந்த மாதிரிதான் இருக்கும். பாதிப் பேருக்குப் புது புஷ் மாற்றினாலே ஆசை அடங்கிவிடும்.

லிந்தாங் வீரா
பார்த்தீர்களா, அண்ணனே சொல்கிறார், பாதிப் பேருக்கு ஷார்ட் ஷிஃப்டரே தேவையில்லை. ஈகே கருப்பு, புஷ் மாற்றினாயா?

ஈகே கருப்பு
மாற்றினேன், கிரீஸும் வைத்தேன். ஈகேயில் மேலே கன்சோலைக் கழற்றி, காடியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எக்ஸாஸ்ட் மேலிருக்கும் வெப்பத் தகரத்தை இறக்கி, ஸ்டிக் அடியில் ராடைப் பிடிக்கும் போல்ட்டைக் கழற்ற வேண்டும். ராடை முழுசாக எடுத்தால்தான் கியர்பாக்ஸ் பக்கம் அந்த 8 எம்எம் பின்னை அடிக்க வேண்டும். துருப்பிடித்திருந்தால் அது சாமானியமாக வெளியே வராது. இதெல்லாம் வேலை. ரம்பம் பிடிப்பதற்குப் பெயர் வேலை இல்லை.

பழைய பொமேன்
வெப்பத் தகரத்தைச் சொன்னாய், ஒன்றை விட்டுவிட்டாய். அடியில் நீட்டிய ஸ்டிக் அந்தத் தகரத்தில் உரசும். மூன்றாவதில் கிர்ர் என்று கேட்கும். உன் காடி நம் கோயில் முன்னால் போகும்போது அந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன்.

ஈகே கருப்பு
அது எக்ஸாஸ்ட், அண்ணே.

பழைய பொமேன்
எக்ஸாஸ்ட் சத்தம் எனக்குத் தெரியாதா? தகரம்.

லிந்தாங் வீரா
ஹாஹா. காசு கொடுத்துத் தகரச் சத்தம் வாங்கியவர் என்னை மேதாவி என்கிறார்.

நைட் ஷிஃப்ட்
அதை விடுங்கள். கியர் வேகமாக விழும் என்று இழுத்து அடிக்கிறீர்களே, சின்க்ரோ என்ன ஆகும்? கியரும் ஷாஃப்டும் ஒரே வேகத்துக்கு வர அந்தப் பித்தளை வளையம் உரசியாக வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். ஷார்ட் ஷிஃப்டர் அந்த நேரத்தைத் திருடுகிறது.

ஈகே கருப்பு
ஓட்டத் தெரியாதவனுக்கு எந்த ஸ்டிக்கும் சின்க்ரோவைத் தின்னும்.

நைட் ஷிஃப்ட்
ஓட்டத் தெரிந்தவரே, கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஆயிலை ஊற்றி, பிறகு குளிர்ந்த காடியில் இரண்டாவது விழவில்லை என்று ஊரெல்லாம் புலம்பியது யார்? ஹோண்டாவே எம்டிஎஃப் என்று தனி கியர் ஆயில் விற்கிறான். டப்பாவில் எழுதியிருப்பதைப் படிப்பதற்கும் காசா?

ஈகே கருப்பு
அது கடைக்காரன் கொடுத்தது. அதையும் இதையும் ஏன் முடிச்சுப் போடுகிறாய்? நீ வீராவின் மச்சான் என்பதால் பேசுகிறாய்.

நைட் ஷிஃப்ட்
மச்சான் என்றால் சின்க்ரோ தேயாதா?

பழைய பொமேன்
சின்க்ரோ பற்றி நான் சொல்கிறேன். தூரத்தைக் குறைத்தால் கைக்குப் பலம் கூடுதலாகத் தேவை. நான் மேலே சொன்ன கணக்கில் ஒன்றரை மடங்கு. ஜாக்கிக் கம்பியைப் பாதியாக அறுத்துவிட்டுக் காடியைத் தூக்கிப் பார், புரியும். இறுகுகிறது என்று கை குத்துகிறது, குத்துவதில்தான் சின்க்ரோ போகிறது. கனமான நாப் போட்டால் கொஞ்சம் சமாளிக்கலாம், கை இழுக்கும் வேகத்தை அந்தக் கனமே கொண்டுபோய்ச் சேர்க்கும். வீரா தம்பி, நாப் வாங்கும்போதாவது மரையைப் பார்த்து வாங்கு. ஹோண்டாவுக்கு 10 மில்லிமீட்டர் தடிமனுக்கு 1.5 மரை இடைவெளி, மிட்சுபிஷி வழி வந்த உன் வீராவுக்கு 10க்கு 1.25. உன் அறுத்த ஸ்டிக்கில் அந்தக் கடைக்காரன் எந்த மரை போட்டான் என்று யாருக்குத் தெரியும்.

லிந்தாங் வீரா
அண்ணே, அந்த ஒன்றரை மடங்கு கடைச் செட்டுக்கும் உண்டுதானே? அப்படியானால் இதிலும் இரண்டும் ஒன்றுதான். அப்புறம், ஜாக்கி என்றதும் நினைவு வருகிறது. போன தீபாவளிக்கு முன் என்னிடம் ஜாக்கி வாங்கிப் போன ஒருவர் இந்த விவாதத்தில் இருக்கிறார். "காடியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி" என்று எழுதியிருக்கிறார். எதை வைத்துத் தூக்கினார் என்று கேளுங்கள்.

ஈகே கருப்பு
அந்த ஜாக்கி ஆயில் ஒழுகுகிறது. நானே சீல் மாற்றி வைத்திருக்கிறேன். சீலுக்குக் கொடுத்த வெள்ளியைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போ.

லிந்தாங் வீரா
என் ஜாக்கிக்கு நான் காசு கொடுக்க வேண்டுமா?

டீசல் மாமா
ஒழுகுகிற ஜாக்கியை நம்பி எவனும் அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் வையுங்கள், டயருக்குக் கட்டை கொடுங்கள். இதை மட்டும் கேளுங்கள், மற்றதை எப்படியும் கேட்கமாட்டீர்கள்.

மைவி மங்கை
புஷ் எங்கே கிடைக்கும் என்று யாராவது சொல்வீர்களா? பழைய உதிரிப்பாகம் விற்கும் ஹாஃப் கட் கடையில் பழையதுதான் இருக்கிறது.

பழைய பொமேன்
பழைய புஷ் வாங்காதே அம்மா, ரப்பர் இறுகிப் போயிருக்கும். பெரோடுவா உதிரிப்பாகக் கடையில் காடி நம்பரைச் சொல்லிப் புதிதாகவே கேள்.

வீரா தம்பி கேட்டதற்கு: பலம் ஒன்றாக இருக்கலாம், தூரம் ஒன்றாக இருக்கலாம். கோணம் ஒன்றா? நான் கேட்டது அது. ஆரம்பத்திலிருந்து அதைத்தான் கேட்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

லிந்தாங் வீரா
நான் காடி ஓட்டுவது கையால், கோணமானியால் இல்லை.

ஈகே கருப்பு
வீராவை ஓட்டுவதற்குக் கையும் வேண்டாம், தள்ளுவதற்கு இரண்டு ஆள் போதும்.

லிந்தாங் வீரா
போன வாரம் பெட்ரோல் நிலையத்தில் எந்தக் காடியைத் தள்ளினார்கள்? கருப்பு நிறம், ஹோண்டா சின்னம். படம் இருக்கிறது, போடவா?

ஈகே கருப்பு
அது பேட்டரி.

பழைய பொமேன்
பேட்டரி இல்லை. அன்றைக்கு நான் அங்கேதான் நின்றேன். ஸ்டார்ட்டர் மோட்டார்.

ஈகே கருப்பு
அண்ணே, நீங்கள் யார் பக்கம்?

பழைய பொமேன்
நான் கோணத்தின் பக்கம். உன் ஸ்டார்ட்டர் கதை வேறு, அதைப் பற்றி எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. முதலில் அந்தப் பையனுடைய ஜாக்கியைக் கொடு.

லிந்தாங் வீரா
சீல் காசு தரமாட்டேன்.