பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட்: வைபை காட்டவில்லை, பாமினி எழுத்துருவில் அடித்ததை வாசிக்க முடியவில்லை. உதவி தேவை

கேள்வி (மல்லாவி)

வணக்கம். மல்லாவியில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறேன். குறிப்பு, வினாத்தாள் எல்லாம் ஒரு பழைய மடிக்கணினியில்தான். 4 ஜிபி ராம், பழைய வகை வன்தட்டு, விண்டோஸ் 10. அதற்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பித்தல்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இந்தக் கணினியில் இல்லை. இன்னொன்று வாங்க இப்போது வசதியில்லை.

அதனால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22இன் சின்னமன் பதிப்பைத் தரவிறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் பென் ட்ரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடக்கினேன். திரை வடிவாக வந்தது. ஆனால் வைபை பட்டியலே இல்லை. பழைய வினாத்தாள்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிடக்கிறது. எதைச் சொடுக்கினாலும் திறக்க நேரம் எடுக்கிறது. விண்டோஸை இன்னும் தொடவில்லை, தொடப் பயமாகவும் இருக்கிறது. பிள்ளைகளுக்கான வேலை முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் (கிளிநொச்சி, கணினி திருத்துபவர்)

ரீச்சர், பயப்படாதீர்கள். பென் ட்ரைவிலிருந்து ஓடும்போது மின்ட் தேவையானதை அதிலிருந்தே வாசிக்கும், நீங்கள் செய்கிற மாற்றங்களை ராமுக்குள்தான் வைக்கும். நீங்களாக இன்ஸ்டால் கொடுக்காதவரை, அல்லது வன்தட்டைத் திறந்து ஒரு கோப்பை மாற்றாதவரை, விண்டோஸ் அப்படியே இருக்கும்.

வைபைக்கு முதலில் விசைப்பலகையின் மேல்வரிசையில் விமானப் படம் போட்ட விசை இருக்கிறதா, அது வைபையை நிறுத்தி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் பெரும்பாலும் ட்ரைவர், அதாவது வைபை சில்லை இயக்கும் மென்பொருள், பிரச்சினைதான். சில வைபை சில்லுகளின் ட்ரைவர் திறந்த மூலமாக இல்லை. அதை மின்ட் தானாகப் போடாது, உங்களைக் கேட்டுத்தான் போடும். ஆனால் ட்ரைவர் எடுக்க இணையம் வேண்டும், இணையம் வர ட்ரைவர் வேண்டும். புதிதாக வருகிற எல்லோரும் இந்த இடத்தில்தான் மனம் சலித்து விட்டுவிடுகிறார்கள்.

உங்களிடம் ஆண்ட்ராய்ட் போன் இருக்கும்தானே? சார்ஜ் போடும் வயரால் கணினியோடு இணையுங்கள். போனின் செட்டிங்ஸில் ஹொட்ஸ்பொட் பகுதிக்குள் யூஎஸ்பி டெதரிங் என்று இருக்கும், அதை இயக்குங்கள். சார்ஜுக்கு மட்டும் வேலை செய்கிற வயர்களும் உண்டு, டெதரிங் மங்கலாகத் தெரிந்தால் வயரை மாற்றுங்கள். போனை ஒரு வயர் இணைப்பாகவே மின்ட் எடுத்துக்கொள்ளும். அப்புறம் மெனுவில் ட்ரைவர் மனேஜரைத் திறங்கள். அங்கே உங்கள் வைபைக்கு ஏதாவது காட்டினால் தெரிவு செய்து பொருத்துங்கள். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

பதில் (வவுனியா, பல்கலைக்கழக மாணவர்)

அக்கா, வேகம் குறைவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். பென் ட்ரைவ் பல நேரம் வன்தட்டை விட மெதுவாகத்தான் படிக்கும், பழைய யூஎஸ்பி 2 துளையில் செருகியிருந்தால் இன்னும் மோசம். உள்ளே நீல நிறம் உள்ள துளை இருந்தால் அதில் செருகிப் பாருங்கள். மற்றது, சின்னமன் அழகானது, ஆனால் கனம். அதே மின்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு இருக்கிறது. 4 ஜிபிக்கு நான் அதைத்தான் சொல்வேன். மின்ட் கேட்கிற குறைந்த அளவு 2 ஜிபி, வசதியாக வேலை செய்ய 4 ஜிபி. உங்களுடையது சரியாக அந்த எல்லையில் நிற்கிறது.

அதைத் தரவிறக்கும் கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி வரும். போன் டேட்டாவில் எடுக்கிறீர்கள் என்றால் டொரன்ட் வழியாக எடுங்கள், சிக்னல் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பதில் (புதுக்குடியிருப்பு)

ஏன் மின்ட்? டெபியன் என்ற லினக்ஸைப் போடுங்கள். 1993இலிருந்து இருக்கிறது, அசையாது.

பதில் (கிளிநொச்சி, கணினி திருத்துபவர்)

தம்பி, டெபியன் மேல் எனக்கும் மதிப்பு இருக்கிறது. மின்டுக்கு அடியில் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ், உபுண்டுவுக்கு அடியில் டெபியன்தான். ஆனால் ரீச்சர் கேட்டது வைபைக்கு வழி. புதிதாக வருகிறவரை நடுவழியில் வேறு பாதைக்கு இழுத்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். மின்ட் 22க்கு 2029 வரை புதுப்பித்தல் உண்டு, அது காணும்.

கேள்வி கேட்டவர் (மல்லாவி)

அண்ணா, மிக்க நன்றி! போனை இணைத்ததும் இணையம் வந்தது, ட்ரைவர் மனேஜரில் ஒன்று காட்டியது, போட்டதும் வைபையும் வந்துவிட்டது. ஆனால் கணினியை அணைத்துப் போட்டால் மறுபடி வைபை இல்லை. இன்னொன்று, விண்டோஸுக்குள் போனால் கடிகாரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. ஏதாவது பழுதாக்கிவிட்டேனா?

பதில் (வவுனியா, பல்கலைக்கழக மாணவர்)

ஒன்றும் பழுதில்லை அக்கா. ட்ரைவரும் ராமுக்குள்தான் போனது, அணைத்ததும் அழிந்துவிடும். வன்தட்டில் நிறுவிய பிறகு ஒருமுறை போட்டால் நிலைத்திருக்கும். ஆனாலும் உங்கள் கணினியில் வைபை வேலை செய்யும் என்பது உறுதியாகிவிட்டது, அதுதான் பெரிய விஷயம்.

கடிகாரம்: கணினிப் பலகையில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று வாசிக்கும். நமது நேரம் ஐந்தரை மணித்தியாலம் முன்னால் என்பதால் அதே அளவு குறைகிறது. விண்டோஸில் நேர அமைப்புக்குள் போய் 'சிங்க் நவ்' கொடுங்கள், சரியாகிவிடும்.

பதில் (ஒட்டுசுட்டான், ஆசிரியர்)

ரீச்சர், எழுத்துப் பிரச்சினைக்கு நான் சொல்கிறேன். உங்கள் வினாத்தாள்கள் பாமினியில் அடித்தவை. பாமினி யுனிகோட் இல்லை, அதாவது எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு இல்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்த எழுத்துரு அது, எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் கிடக்கிற ஆங்கிலம் தெரியும். விண்டோஸில் ஃபொன்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினிக் கோப்பைப் பிரதி எடுத்து, மின்டில் இரட்டைச் சொடுக்கில் திறந்து இன்ஸ்டால் கொடுங்கள். மின்டில் ஆவணம் திறக்கும் லிப்ரே ஆபிஸை மூடித் திறந்தால் வாசிக்கலாம். பந்தி, அட்டவணை கொஞ்சம் இடம் மாறக்கூடும், அச்சடிக்க முன் ஒருமுறை பாருங்கள்.

புதிய வேலையை யுனிகோடிலேயே செய்யுங்கள். தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ், அதோடு ஐபஸ் எம்17என் இரண்டு மென்பொருளையும் பொருத்தினால் தமிழ்99, ரெங்கநாதன் போன்ற விசைப்பலகைகள் வரும். பாமினியில் பழகிய கைக்கு ரெங்கநாதன் நெருக்கமாக இருக்கும். யுனிகோடில் அடித்த வினாத்தாளைப் பிள்ளைகள் போனிலேயே திறந்து படிக்கலாம், எழுத்துரு தேடி அலைய வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் கணினி குறைவு, போன் இருக்கிறது. அதற்காகவே இந்த மாற்றத்தைச் செய்யுங்கள் என்று கேட்கிறேன்.

கேள்வி கேட்டவர் (மல்லாவி)

பாமினி வந்துவிட்டது, எல்லா வினாத்தாளும் திறக்கிறது. எக்ஸ்எஃப்சிஇ பதிப்பிலும் பார்த்தேன், நல்ல வித்தியாசம். இனி நிறுவலாமா?

பதில் (கிளிநொச்சி, கணினி திருத்துபவர்)

நிறுவலாம் ரீச்சர், ஆனால் ஒழுங்கு முக்கியம். முதலில் எல்லாக் கோப்புகளையும் வேறொரு பென் ட்ரைவிலோ வெளி வன்தட்டிலோ பிரதி எடுங்கள். எடுத்த பிரதி திறக்கிறதா என்று வேறு கணினியில் பாருங்கள். விண்டோஸில் வன்தட்டைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். விண்டோஸை விரைவாகத் தொடக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டு முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள், இல்லாவிட்டால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியில் எழுத முடியாது.

நிறுவும்போது விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவும் தெரிவு வரும், அதை எடுங்கள். முழு வன்தட்டையும் அழிக்கும் தெரிவும் அதே திரையில் இருக்கும், அதில் கை வைக்காதீர்கள். மின்டுக்கு 20 ஜிபி கட்டாயம், 50 கொடுத்தால் நிம்மதி. சார்ஜர் செருகியே இருக்கட்டும், நடுவில் கரண்ட் போனாலும் பற்றரி தாங்குமா என்று முன்கூட்டியே பாருங்கள். அது தாங்காது என்றால் கணினியைக் கிளிநொச்சிக்குக் கொண்டுவாருங்கள், இங்கே இருந்தே செய்வோம்.