புதுப்பிப்பு: அந்தப் பச்சைப் புள்ளிகள் என்னவென்று தெரிந்துவிட்டது

போன வாரம் ஓர் இரவுப் படத்தைப் போட்டு, விளக்குக் கம்பங்களுக்கு மேலே மிதக்கும் மூன்று பச்சைப் புள்ளிகள் பறக்கும் தட்டுகளா என்று கேட்டிருந்தேன். இல்லை. எல்லாம் லென்ஸ் செய்த வேலை.

மூலப் படத்தைப் பிரதி எடுத்து, 180 டிகிரி திருப்பி, மூலத்தின் மேலேயே வைத்துப் பார்த்தேன். மூன்று புள்ளிகளும் மூன்று விளக்குகளின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தன! பலத்த வெளிச்சம் லென்ஸ் கண்ணாடிகளுக்கும் சென்சாருக்கும் நடுவே எதிரொளித்தால், படத்தின் மையத்துக்கு நேர் எதிர்ப்புறம் இப்படிப் பொய்ப் பிம்பம் விழும். வெட்டிச் சுருக்கிய படத்தில் இந்தச் சோதனை செல்லாது, மையம் நகர்ந்துவிடும். அது புரியாமல் முதலில் ஒரு மணி நேரம் வீணாக்கினேன். அன்று வானத்தில் கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை, படத்தில் மட்டும்தான் இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அப்புறம், அமெரிக்க விமானப்படையாலேயே விளக்க முடியவில்லையே என்று கேட்டவருக்கு: பறக்கும் தட்டுகளைப் பார்த்ததாக வந்த தகவல்களை விசாரித்து 1969இல் முடிந்த அவர்களுடைய புளூ புக் திட்டத்தில் பதிவான 12,618 சம்பவங்களில் அடையாளம் தெரியாமல் நின்றவை 701தான். என் படம் அந்த 701 பக்கம்கூடப் போகாது.

சரி, பழைய பதிவின் தலைப்பையும் மாற்றிவிட்டேன்.